காய்க்காத பேரிக்குப் பூ வந்தது

ஜனவரி 7

நாலு மரத்துக்கும் கவாத்து முடிந்தது. ஒன்றோடொன்று உரசுகிற கிளை, குறுக்கே போகிற கிளை, ஒட்டுக்குக் கீழே முளைத்த முள் கிளை, எல்லாவற்றையும் வெட்டியாயிற்று. அலங்காரப் பேரிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கிளைகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்பி, கை கூப்பின மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு மேலே போகும். அப்படியே விட்டால் பெருங்காற்றில் நடுவாகப் பிளந்துவிடும். வெட்டின இடங்களில் பசை தடவிவிட்டு நிமிர்ந்தபோது இடுப்பு என்னுடையதாக இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் தங்கையா நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர். நாட்டுப் பேரி வைத்திருக்கிறார். வருஷா வருஷம் மூட்டை மூட்டையாகக் காய் இறங்கும்.

"ஏன் சார், காய்க்காத பேரிக்கு இம்புட்டு உபசாரமா?"

"பூவுக்காக வளர்க்கிறேன்."

"பூவை என்ன, சட்டியில போட்டு வதக்கவா?"

இவருக்கெல்லாம் பதில் சொல்லிப் பயனில்லை. ஹிமாசலத்து நர்சரி ஒன்றிலிருந்து பென்சில் பருமனில் வந்த கன்றுகள் இவை. கொடைக்கானல் பனியில் ஆறு வருஷம் காத்திருந்தேன். போன வருஷம் ஒரே ஒரு மரத்தின் உச்சியில் நாலைந்து கொத்து தெரிந்தது. இந்த வருஷம் மொட்டுகள் கிளை கிளையாகத் திரண்டு நிற்கின்றன. மாசியில் தோட்டமே வெள்ளையாகிவிடும். நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஜனவரி 14

பொங்கல். அடிப்பிடித்துவிட்டது. நான் அடுப்புக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், பேப்பரில் மூழ்கிவிட்டேன் போலிருக்கிறது. கொல்லையில் இருந்த வடிவு ஓடி வந்து பானையை இறக்கினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்பது வருஷமாக எதற்கெடுத்தாலும் ஒரு வார்த்தை சொல்கிற மனைவி சொல்லாமல் இருந்தது ஆச்சரியம்.

ஜனவரி 26

மகள் எழில் மதுரையிலிருந்து வந்தாள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் வேலை, லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. வந்தவள் சும்மா வரவில்லை. கூட வேலை பார்க்கும் கிளமெண்ட் என்கிற பையனைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறாள். போட்டோ காட்டினாள். நல்ல முகம். ஊர் வேம்பார், தூத்துக்குடிக் கடற்கரை. அப்பா இல்லை. அம்மா கருவாட்டு வியாபாரம் செய்து படிக்கவைத்திருக்கிறார்.

மனிதர்கள் எல்லோரும் ஒன்றுதான் என்று நான் எப்போதும் சொல்கிறவன். இப்போதும் அதையே சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஆனாலும், கருவாடு.

பிப்ரவரி 3

இன்று வடிவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். நாம் சைவ வீடு, அதுகூடப் போகட்டும், நான் முப்பது வருஷம் காப்பிக்கொட்டைக்குத் தரம் பார்த்தவன், மூக்கால் பிழைத்தவன், எனக்கு வாடை என்றால் ஆகாது என்று தெரியாதா என்றேன்.

வடிவு கீரை ஆய்ந்துகொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"உங்களுக்கா?" என்றாள்.

"பின்னே யாருக்கு?"

"சரிங்க. கோயிலா சர்ச்சாங்கிறதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல பூ வைக்க வரச் சொல்லுவோம். அவங்களுக்குத் தவக்காலம் வருது. சாம்பல் புதனுக்கு அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் நல்ல காரியம் எதுவும் பண்ண மாட்டாங்களாம்."

எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். பூ வைப்பது தோட்டத்தில், பேரி மரங்களுக்கு அடியில் நடக்க வேண்டும். பிப்ரவரி இருபத்து மூன்று, ஞாயிறு. பூவும் அப்போது சரியாக விரிந்திருக்கும். வடிவு ஏனோ, "வீட்டுக்குள்ளயே வெச்சுக்கலாமே, பனி அடிக்கும்" என்றாள். பகல் பதினோரு மணிக்கு என்ன பனி?

பிப்ரவரி 12

பண்ணைக்காட்டுத் தோட்டக்காரர் ஒருவர் காப்பிக்கொட்டை கொண்டுவந்தார். ஓய்வு பெற்ற பின்னும் என் மூக்கைத் தேடி ஆள் வருகிறது. வறுத்து, இடித்து, வெந்நீர் ஊற்றி முகர்ந்தேன். கொட்டையின் நிறத்தைப் பார்த்தேன். அதைவிட முக்கியமாக அவர் முகத்தைப் பார்த்தேன். நான் புருவத்தைச் சுருக்கினதும் அவரே, "மழையில கொஞ்சம் நனைஞ்சிருச்சு சார்" என்றார். "அதுதானே பார்த்தேன்" என்றேன். வியந்துபோய்க் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பிப்ரவரி 15

முதல் பூ. தெற்கு மூலை மரத்தில்.

பிப்ரவரி 20

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாலு மரமும் பூத்துவிட்டன. ஓர் இலை இல்லை. பூ, பூவுக்குமேல் பூ. விடியற்காலையில் ஏரிப் பக்கமிருந்து மஞ்சு ஏறி வந்தது. எங்கே மஞ்சு முடிகிறது, எங்கே மரம் ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் தோட்டமே தரையை விட்டுக் கிளம்பி மெதுவாக எங்கோ போவது போலவும், நான் அதில் பயணம் செய்வது போலவும் இருந்தது. இதழ்கள் சத்தமில்லாமல் மடியில் விழுந்தன.

கொஞ்ச காலமாக எனக்கு உலகம் ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது போல இருக்கிறது. எல்லாம் தெரிகிறது, எதுவும் கிட்ட வருவதில்லை. இந்த மரங்களுக்கு அடியில் மட்டும் அந்தக் குறை தெரிவதில்லை. கண் மட்டுமே போதும் என்று ஆகிவிடுகிறது. நான் சந்தோஷமாக இருக்கிறேன்.

தேனீக்களைவிட ஈக்கள்தான் அதிகம் மொய்க்கின்றன. ஏன் என்று தெரியவில்லை. வடிவு தோட்டத்துப் பக்க ஜன்னல்களை எல்லாம் சாத்திவைத்திருக்கிறாள். பனியாம். பூ எப்படி மணக்கிறது பார்த்தாயா என்றேன். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி 23

எல்லாம் கெட்டுப்போயிற்று.  இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். கிளமெண்டின் அம்மா இன்னாசியம்மாள், அவர் தம்பி மிக்கேல், இரண்டு பெண்கள். பூ வைக்க மாப்பிள்ளை வருவது அவர்கள் பக்கத்தில் வழக்கமில்லையாம். தாம்பாளத்தில் மல்லிகைப் பூ, பழம், வெற்றிலை, மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப்புடவை. அதுதவிர வாய் தைத்த பெரிய ஓலைப்பெட்டி ஒன்று. அதைக் கல் பெஞ்சின்மேல் வைத்தார்கள்.

இன்னாசியம்மாள் மரங்களுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். நரைத்த தலையில் இதழ்கள் விழுந்தன. தட்டிவிடவில்லை.

"என்ன பூ சம்மந்தி இது? இம்புட்டு வெள்ளைய நான் உப்பளத்துலதான் பாத்திருக்கேன்."

எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போயிற்று. உண்மையாகவே பிடித்துப்போயிற்று.

வடிவும் எழிலும் உள்ளே காப்பி கலந்துகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் தங்கையா வந்தார். ஊரிலிருந்து அன்றுதான் திரும்பியவரை நான்தான் கூப்பிட்டிருந்தேன். கேட்டைத் தாண்டி இரண்டு எட்டு வைத்ததும் தோளில் கிடந்த துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு என் காதருகே வந்தார்.

"என்ன சார், மீன் வாடை குடலைப் புடுங்குது?"

 ஓலைப்பெட்டியைப் பார்த்தேன். அதைச் சுற்றி ஈக்கள் பறந்தன. வந்திருந்த ஒரு பெண்ணும் முந்தானையை மூக்கருகில் வைத்திருந்தாள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மூக்குக்குப் பேர்போன நான் மட்டும் சும்மா நின்றுகொண்டிருந்தால் என்ன நினைப்பார்கள்?

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றேன். "இந்தப் பெட்டியைக் கார்லயே வெச்சிருங்க. நாங்க சைவம். தோட்டம் பூரா வாடை அடிக்குது."

இன்னாசியம்மாள் என்னைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"வாடை அடிக்குதோ?"

"ஆமா. எனக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை."

"பெட்டிக்குள்ள இருந்தா அடிக்குது?"

"வேற எங்கேயிருந்து?"

 மிக்கேல் ஏதோ சொல்ல வாயெடுத்தார், இன்னாசியம்மாள் கையமர்த்தினார். பெட்டியைத் தானே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். தாம்பாளத்தையும் எடுக்கச் சொன்னார்.

"சரிங்க அண்ணாச்சி. பூ வைக்கிறத இன்னொரு நாளைக்குப் பாத்துக்கிடுவோம்."

சம்மந்தி என்று கூப்பிட்டவர் அண்ணாச்சி என்றார். காப்பித் தட்டோடு வடிவு வாசலுக்கு வந்தபோது கார் கிளம்பிவிட்டது.

எழிலிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"தெரிஞ்சே பண்ணிட்டீங்களேப்பா" என்றாள்.

என்ன தெரிந்து? எதைத் தெரிந்து? கேட்டேன். பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். மத்தியானப் பஸ்ஸில் மதுரைக்குப் போய்விட்டாள். பெற்ற மகள் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

பிப்ரவரி 24

எழிலுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. வடிவு எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

சாயங்காலம் தங்கையா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்ன சார், அந்த வாடை இன்னும் போகலையே?"

"பெட்டியை அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்களே."

"அப்ப எங்கயாச்சும் பெருச்சாளி செத்துக் கெடக்கும். பாருங்க."

இருட்டும்வரை பெருச்சாளியைத் தேடினேன். உரக்குழியைக் கிளறினேன், ஹைட்ரேஞ்சியாப் புதர்களுக்குள் குச்சியை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஈக்கள் மட்டும் தலைக்கு மேலே இரைந்துகொண்டிருந்தன. அண்ணாந்து பார்த்தேன்.

ஒரு கொத்தை ஒடித்து மூக்கருகே வைத்துக்கொண்டேன். வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளையாக இருந்தது.

பிப்ரவரி 25

காலையில் அந்தக் கொத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

"வடிவு, இதுவா நாறுது?"

அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "ஆமாங்க."

"எப்படி?"

"போன வருஷம் நாலு பூ பூத்தப்பவே லேசா இருந்துச்சு. இந்த வருஷம் கேக்கவே வேணாம். மழையில நனைஞ்ச கருவாட்டு மூட்டை மாதிரி."

உட்கார்ந்துவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். "வடிவு, எனக்கு மூக்கு..."

"தெரியும்ங்க."

"என்ன தெரியும்?"

"மூணு வருஷம் முன்னாடி அந்தக் காய்ச்சல் வந்து போச்சே, அதுக்கப்புறம் உங்களுக்கு ஒரு வாசனையும் தெரியலை. தீஞ்சுபோன பாலைக் குடிச்சிட்டு இன்னிக்குக் காப்பி பிரமாதம்னீங்க பாருங்க, அன்னிக்கே தெரியும்."

நான் அழுதேன். அதை இங்கே எழுதுவதில் வெட்கமில்லை. மூன்று வருஷமாக நான் ஒளித்துவைத்திருப்பதாக நினைத்ததை அவள் எனக்கும் சேர்த்து ஒளித்துவைத்திருந்திருக்கிறாள். ஜன்னலைச் சாத்தியது, கேஸ் குழாயை நாளுக்கு இருமுறை பார்த்தது, சாம்பார் ஊசிப்போனால் எனக்கு முன்னே எடுத்துக் கொட்டியது, எல்லாம் இப்போது ஞாபகத்துக்கு வந்தது.

"மரத்தைப் பத்தி ஏன் சொல்லலே?"

"அதுக்கு அடியில உக்காந்திருக்கும்போதுதான் நீங்க நீங்களா இருக்கீங்க. எப்படிச் சொல்லுவேன்?"

"எழிலுக்கு என் மூக்கு விஷயம்?"

"தெரியாது. நீங்க அவகிட்டச் சொல்லலையே. உங்களுக்குப் பூ நாத்தம் தெரியும், தெரிஞ்சே பழியை அவங்க மேல போட்டு விரட்டிட்டீங்கன்னுதான் அவ நெனைச்சிருக்கா. அந்த அம்மாவும் அதைத்தான் நெனைப்பாங்க."

"நீ போன் பண்ணிச் சொல்லிடேன்."

"நான் சொல்ல மாட்டேன். நீங்க பேசின பேச்சு, நீங்கதான் போகணும்." அடுப்பைப் பெரிதாக்கினாள். "சாம்பல் புதனுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு. அதை விட்டா ஈஸ்டர். அதுக்குள்ள அவங்க மனசு கல்லாயிடும். உங்க மகளோடதும்தான்."

பிப்ரவரி 27, வேம்பார்

மிக்கேல் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடல் இரைகிறது.

விடியும்போது ஒரு கிளையை வெட்டி, அடியில் ஈரத்துணி சுற்றி, செய்தித்தாளில் பொதிந்துகொண்டேன். என் மரத்தின் குற்றம் என்று காட்டச் சாட்சி வேண்டாமா? மதுரை பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர் பெருமாள்மலை தாண்டுவதற்குள் எழுந்து பின்னால் போய்விட்டார். முன் இருக்கைப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வத்தலக்குண்டில் கண்டக்டரே வந்துவிட்டார்.

"பெரியவரே, கருவாடெல்லாம் பஸ்ஸுக்குள்ள ஏத்தக் கூடாது."

"கருவாடு இல்லேப்பா. பூ."

"விளையாடுறீங்களா?"

பிரித்துக் காட்டினேன். பஸ்ஸே எட்டிப் பார்த்தது. குனிந்து முகர்ந்தவர், "அடச்சீ" என்று நிமிர்ந்தார். யாரோ சிரித்தார்கள். பொதியை மடியில் வைத்துக்கொண்டு, சுற்றிலும் நாலு காலி இருக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றி ஒரு வாடை இருந்தது. அது எனக்குத் தெரியவில்லை, மற்ற எல்லோருக்கும் தெரிந்தது. அந்த அம்மாள் எத்தனை பஸ்ஸில் இப்படி உட்கார்ந்து போயிருப்பார் என்று நினைத்தேன். மதுரையில் பஸ் மாறி விளாத்திகுளம் வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இன்னாசியம்மாள் முற்றத்தில் வாளை மீன் காயப்போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க அண்ணாச்சி."

பொதியைப் பிரித்து நீட்டினேன். பஸ் வெக்கையில் பாதிப் பூ கருத்துவிட்டது. "அம்மா, அன்னிக்கு அடிச்ச வாடை இதுதான். உங்க பெட்டி இல்லே. என் மரம்."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்." குரலில் கோபம்கூட இல்லை. "நாப்பது வருசமா கருவாட்டுக்குள்ளயே கெடக்கேன். எது மீனு, எது பூவுன்னு எனக்குத் தெரியாதா? வேண்டாம்னு சொல்ல ஒரு சாக்கு தேடுதீயன்னு நெனச்சேன். நேரா சொல்லியிருக்கலாமேன்னுதான் வருத்தம்."

"சாக்கு இல்லேம்மா. எனக்கு மூக்கு செத்துப்போச்சு. மூணு வருஷமா ஒண்ணும் தெரியாது. யார்கிட்டயும் சொன்னதில்லே. ஒருத்தர் மீன் வாடைன்னு சொன்னார், நானும் தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். மீன்னதும் உங்க பெட்டியைத்தான் பார்த்தேன். மரத்தைப் பார்க்கத் தோணலே. அதுதான் என் தப்பு. மூக்குமேல பழி போட வரலே."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கண்ண மூடுங்க" என்றார். மூடினேன். ஏதோ முகத்தருகே வந்தது.

"இது என்ன?"

"தெரியலே."

"இன்னும் கிட்ட. இப்ப?"

"சத்தியமா ஒண்ணும் தெரியலேம்மா."

கண்ணைத் திறந்தேன். முற்றத்தின் அந்தக் கோடியில் நின்ற மிக்கேல் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். இன்னாசியம்மாள் கையில் இருந்தது பதம் கெட்டுக் கீழே கொட்ட ஒதுக்கிவைத்த மீன் துண்டு.  அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஏ மிக்கேலு! கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்த மாதிரி, கருவாட்டுக்காரி வீட்டுக்கே நாத்தத்தக் கொண்டாந்திருக்காரு பாரு சம்மந்தி!"

சம்மந்தி.

கை கழுவிவிட்டு அந்த ஓலைப்பெட்டியைத் தூக்கிவந்தார். தையல் பிரிக்காமல் அப்படியே இருந்தது. என் எதிரில் பிரித்தார். உள்ளே கருப்பட்டி. சுக்கு இடித்துப் போட்டுக் காய்ச்சின வேம்பார்க் கருப்பட்டி, பெட்டி நிறைய.

"உங்களுக்குக் காப்பின்னா உசுருன்னு மக சொன்னா. அதுக்குன்னு எடுத்து வெச்சது."

 கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். மணம் தெரியவில்லை. சூடும் இனிப்பும் தொண்டையில் சுக்கின் காரமும் தெரிந்தன. அதைச் சொன்னேன். "அது போதும், குடிங்க" என்றார்.

எழிலுக்குப் போன் செய்து, பஸ்ஸிலிருந்து மீன் துண்டு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.  "மூணு வருஷமாவாப்பா?" என்றாள். "எனக்குச் சொல்லக் கூடாதா?" என்று அழுதாள்.

மார்ச் 2

ஞாயிறு. சாம்பல் புதனுக்கு மூன்று நாள் முன்னதாக வந்துவிட்டார்கள். வடிவு வீட்டுக்குள் ஜமுக்காளம் விரித்து, ஊதுபத்திக் கட்டையே கொளுத்தி வைத்திருந்தாள். இன்னாசியம்மாள் உள்ளே வர மறுத்துவிட்டார்.

"எங்க ஆரம்பிச்சமோ அங்கதான் முடிக்கணும். மரத்தடிக்கு வாங்க."

காலை வெயிலும் மஞ்சும் மாறி மாறி வந்தன. பூக்கள் கொட்ட ஆரம்பித்துவிட்டன. தரையெல்லாம் வெள்ளை. மரத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் இதழ்கள் எந்த அவசரமுமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன. எழில் அந்த மாம்பழப் புடவையில் அவற்றுக்கு நடுவே வந்து நின்றபோது, இதற்காகத்தான் ஆறு வருஷம் காத்திருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓலைப்பெட்டி அதே கல் பெஞ்சில் இருந்தது.

இன்னாசியம்மாள் மல்லிகைச் சரத்தை எழிலின் தலையில் வைத்தார். பிறகு கையை உயர்த்தி ஒரு பேரிக் கொத்தை ஒடித்து, மல்லிகைக்குப் பக்கத்தில் செருகினார்.

"அத்தை! ஐயோ!" என்று எழில் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்ளா. இன்னைக்கு மட்டும்."

தங்கையா ஏற்கெனவே துண்டுக்குள் போயிருந்தார். மிக்கேல் கைக்குட்டையை எடுத்தார். வந்த பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். என் வடிவு, மூன்று வருஷம் எனக்காகப் பொறுத்தவள், இன்று என் முன்னாலேயே தாராளமாக மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

பொத்தாமல் நின்றது இரண்டு பேர்தான். நான் ஒருவன். இன்னொருவர் சம்மந்தியம்மாள். அவர் அண்ணாந்து ஆழமாக மூச்சை இழுத்துவிட்டு, "எங்க ஊரு மாதிரியே இருக்கு" என்றார்.